என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: மண்டபம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவின் நாலு வருஷ ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்து, அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வைக் கண்டிப்பாக எழுத வையுங்கள். தேர்வுக்கு ஐந்துக்கு ஐந்து மார்க் கொடுப்பேன். ஆனால் பிள்ளை ஜெயித்த பிறகு அந்தப் பணம் கைக்கு வந்து சேரும் வழி இருக்கிறதே, அதற்கு ஐந்துக்கு இரண்டுதான். ஜெயித்தும் பணம் வாங்காமல் போன பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. வாரத்தில் மூன்று நாள் கடல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், நடுவில் காற்று எழும்பி, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை என்றால் அந்த வாரமும் போச்சு. நான் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். மூத்தவள் 2022-ல் எட்டாம் வகுப்பில் இருந்தபோது இந்தத் தேர்வை எழுதித் தேர்வானாள், ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை நாலு வருஷமும் வாங்கிவிட்டாள். இளையவன் 2025-ல் எழுதினான், தேர்ச்சி மார்க் வந்தும் பட்டியலில் பெயர் வரவில்லை. ஆக கிடைத்தால் எப்படி, கிடைக்காவிட்டால் எப்படி என்று இரண்டும் ஒரே வீட்டில் பார்த்தாயிற்று.

தெரியாதவர்களுக்காக விஷயத்தைச் சொல்கிறேன். முழுப் பெயர் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம். மத்திய அரசு 2008-ல் கொண்டுவந்தது. எட்டாவதோடு பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் நோக்கம், எங்கள் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான நோக்கம் வேறு இல்லை. நாடு முழுக்க வருஷத்துக்கு 1 லட்சம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா பிள்ளைகள் எழுத முடியாது. எங்கள் பக்கம் சர்ச் நடத்தும் பள்ளிகள் பலவும் உதவி பெறும் பள்ளிகள்தான், அங்கே படிப்பவர்களும் எழுதலாம். இது தெரியாமல் "நம்ம பள்ளிக்கூடத்துக்கு இது கெடையாதுக்கா" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னாள். அதற்குள் அந்த வருஷத் தேதி முடிந்துவிட்டது.

விண்ணப்பிப்பது சுலபம். பள்ளியில் படிவம் கொடுப்பார்கள், நிரப்பி 50 ரூபாயோடு தலைமையாசிரியரிடம் கொடுத்தால் அவர்களே ஏற்றிவிடுவார்கள். வருமானச் சான்று மட்டும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய், அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை தாசில்தார் என்று ஆன்லைனிலேயே நகரும். பங்குத் தொழில்காரர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வி.ஏ.ஓ. கேட்டபோது வீட்டுக்காரர் "ஒரு நாள் இருக்கும், நாலு நாள் இருக்காது சார்" என்றார். அதை வைத்து எந்தச் சான்றும் எழுத முடியாது. ஒரு வருஷத்து வரவைக் கூட்டிப் பார்த்து ஒரு தொகையாகச் சொல்லுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்ததே இதுதான்.

மொத்தம் இரண்டு தாள். முதலில் மேட் என்று சொல்கிற மனத்திறன் தேர்வு, 90 கேள்வி, 90 நிமிடம். கொஞ்சம் இடைவேளை விட்டு சாட் என்கிற படிப்பறிவுத் தேர்வு, அதுவும் 90 கேள்வி, 90 நிமிடம். சாட்டில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20, எல்லாம் ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான். தவறாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விடக் கூடாது. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்பது கேட்கும்போது நிறைய மாதிரி இருக்கும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு சிறியது என்று.

மேட் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பாடப் புத்தகத்தில் இல்லாதது. எண் வரிசை, குறியீடு, கண்ணாடியில் தெரியும் உருவம், திசை, கடிகாரம், பொருந்தாததைக் கண்டுபிடிப்பது என்று வரும். 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன என்கிற மாதிரி. மனப்பாடம் செய்து இதில் மார்க் வாங்க முடியாது, பணம் கட்டி ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவன்தான் முந்துவான் என்பதும் கிடையாது. யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கான தாள் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த யோசனை இருக்கிறது, யாரும் அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் நடந்தது இது. மூத்தவள் திண்ணையில் உட்கார்ந்து பழைய வினாத்தாளைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவன் வடக்கே 3 கிலோமீட்டர் நடந்து, வலப்பக்கம் திரும்பி 4 கிலோமீட்டர் போகிறான், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கேள்வி. இவள் மூன்றையும் நாலையும் கூட்டி 7 என்று குறித்துவிட்டாள். பக்கத்தில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அவள் அப்பா, எட்டாவது தாண்டாதவர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வாடைல மூணு போயி, கொண்டல்ல நாலு போனா, வந்த வழியா திரும்பினாத்தான் ஏழு. நேரா கரைக்கு விட்டா கொறையும்ல புள்ள." எங்கள் ஆட்களுக்கு வடக்கு என்றால் வாடை, கிழக்கு என்றால் கொண்டல், காற்றின் பெயரில்தான் திசை. அவள் மண்ணில் குச்சியால் கோடு போட்டாள். முக்கோணம் வந்தது. அந்த வருஷம்தான் பித்தாகரஸ் தேற்றம் பாடத்தில் நடத்தியிருந்தார்கள். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து, அப்போது ஐந்து. "அப்பா, அஞ்சு!" என்று கத்தினாள் பாருங்கள். அதற்குப் பிறகு திசைக் கேள்வி ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை, எல்லாவற்றையும் காற்றின் பெயரில் மாற்றிப் போட்டுப் பார்ப்பாள்.

இனி, தேர்ச்சி வேறு, தேர்வாவது வேறு. இது புரியாமல்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், நாங்களும் இளையவன் விஷயத்தில் ஏமாந்தோம். இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72 எடுத்தால் தேர்ச்சி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 சதவீதம். ஆனால் தேர்ச்சி பெற்ற எல்லோருக்கும் பணம் இல்லை. மாநிலத்துக்கு உள்ள இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்து, அதற்குள் இடஒதுக்கீடு பார்த்து, மேலே இருக்கும் மார்க்கிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார்கள், இடம் முடிந்ததும் கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு மார்க் கீழே இருந்தாலும் இல்லைதான். ஆகவே 72 எடுத்தால் போதும் என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால் நம்ப வேண்டாம், நூறைத் தாண்டப் பழக்குங்கள்.

இளையவனுக்கு அறிவு குறைவில்லை. அவனைக் கெடுத்தது அந்த வட்டம். சாட் தாளில் 41-வது கேள்வி தெரியவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு 42-க்கான விடையை 41-வது வரிசையில் நிரப்பியிருக்கிறான். அப்படியே ஒவ்வொன்றாக ஒரு வரிசை மேலே மேலே போய், அறுபதுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. பேனாவால் நிரப்பியது, அழிக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, விரலால் தரையில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தான், அப்போதுதான் சொன்னான். இருபது கேள்வி. தெரிந்த விடை. பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு அது என்ன வலி என்று கூட இருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும்.

அதனால் சொல்கிறேன், பயிற்சி என்றால் வெறும் கேள்விக்கு விடை சொல்லிப் பழகுவது இல்லை. ஓ.எம்.ஆர். தாளை நாலு ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, முழுத் தாளையும் ஒரே இருப்பில் எழுதப் பழக்குங்கள். ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒரு தடவை கேள்வி எண்ணும் வட்டத்தின் எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூத்தவளுக்கு அவளுடைய கணக்கு டீச்சர் இதைத்தான் செய்தார், சனிக்கிழமை சனிக்கிழமை பள்ளியில் உட்கார வைத்து, கட்டணம் ஒரு பைசா வாங்காமல். இளையவன் எழுதிய வருஷம் அந்த டீச்சர் மாறுதலாகிப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன். இந்தத் தேர்வு நல்ல தேர்வுதான், ஆனால் ஒரு பள்ளியில் ஒரு ஆசிரியர் மனசு வைத்தால் பத்துப் பேர் தேர்வாகிறார்கள், அவர் போனதும் ஒருவரும் இல்லை. அதைப் பிள்ளையின் திறமை என்று எழுதிவிட முடியாது.

தனியார் பயிற்சி மையம் தேவையா என்று கேட்பார்கள். என் கருத்து, தேவையில்லை. எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவனை ராம்நாட்டில் ஒரு மையத்தில் சேர்த்தார்கள், வாரத்துக்கு இரண்டு நாள் போக வர பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது, அங்கே கொடுத்ததும் இதே பழைய வினாத்தாள்களின் நகல்தான். ஏழாவது, எட்டாவது பாடப் புத்தகத்தின் ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் உள்ள ஒரு மார்க் கேள்விகளைச் சுத்தமாகப் படித்து, நாலைந்து வருஷத்துப் பழைய தாளைப் போட்டாலே போதும். தேர்வு முடிந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் விடைக்குறிப்பு வரும், மார்க்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

இதுவரை ஐந்துக்கு ஐந்து. இப்போது அந்த இரண்டு மார்க் கதை.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது, பள்ளியில் கைதட்டினார்கள், நாங்கள் பணம் தானாக வரும் என்று இருந்துவிட்டோம். வராது. ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த பிறகு தேசிய உதவித்தொகை இணையதளம் என்று ஒன்று இருக்கிறது, என்.எஸ்.பி. என்பார்கள், அதில் பிள்ளையின் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி சரிபார்க்க வேண்டும், அதன் பிறகு மாவட்டத்தில் சரிபார்க்க வேண்டும், அப்புறம்தான் பணம். இதை ஒரு தடவை செய்தால் முடிந்ததா என்றால் இல்லை, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்த வருஷத்து 12,000 போனதுதான். எங்கள் தெருவில் மூத்தவளோடு சேர்ந்து தேர்வான இன்னொரு பிள்ளைக்கு முதல் வருஷமே இப்படிப் போனது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவர்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்தத் தாய் கடல்பாசி எடுக்கப் போகிறவள், விடியக் கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் கரைக்கு வருவாள். அவளிடம் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிரு என்றால் எப்போது பார்ப்பாள்?

எங்களுக்கு வந்த முதல் சிக்கல் ஓ.டி.பி. ஆதாரோடு இணைத்திருந்த போன் நம்பர் வீட்டுக்காரருடையது. பிரவுசிங் சென்டருக்கு நானும் மகளும் போன அன்று போட் போகிற நாள். சென்டர் தம்பி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு "ஓ.டி.பி. சொல்லுங்கக்கா" என்றான். போன் கடலில் இருந்தது. அடித்துப் பார்த்தேன், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தார் போல, போகவே இல்லை. மறுநாள் அவர் கரைக்கு வந்ததும் தூங்கக்கூட விடாமல் கையோடு கூட்டிக்கொண்டு போனேன், அன்றைக்குப் பார்த்து சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாவது தடவைதான் முடிந்தது. முடித்த கையோடு ஆதாரில் நம்பரை என் நம்பராக மாற்றினேன். கடலுக்குப் போகிற வீட்டில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், கரையில் இருக்கிறவர் நம்பரைக் கொடுங்கள்.

இரண்டாவது சிக்கல் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பள்ளிப் பதிவில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து. நமக்கு இரண்டும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. ஆதாரை மாற்றுவதா, பள்ளிப் பதிவை மாற்றுவதா என்று ஒரு வாரம் அலைந்து, கடைசியில் பள்ளியில் மாற்றிக் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

மூன்றாவதுதான் பெரியது. விண்ணப்பம் எல்லா இடத்திலும் சரி, பணம் அனுப்பியாயிற்று என்று காட்டுகிறது, கணக்கில் பணம் இல்லை. வங்கிக்குப் போனால் வரவில்லை என்கிறார்கள். ஒரு வங்கிக் கிளையில், பெயர் வேண்டாம், கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்புக்கை வாங்கிக்கூடப் பார்க்காமல் "வந்தா மெசேஜ் வரும், போங்கம்மா" என்றார். மூன்று தடவை போனோம். பிறகுதான் தெரிந்தது, பணம் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். நடுவில் வேறு ஒரு விஷயத்துக்காகப் பிள்ளை பெயரில் இன்னொரு இடத்தில் கணக்கு திறந்திருந்தோம், கைரேகை வைத்தபோது ஆதாரும் அங்கே இணைந்துவிட்டது. 12,000 ரூபாய் அந்தக் கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது, நாங்கள் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தோம். ஆதார் இணையதளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்று ஒன்று இருக்கிறது, அதில் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அரசு பணம் அனுப்புகிற பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பணம் எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். இரண்டே நிமிட வேலை, கவுன்ட்டரில் இருந்தவர் சொல்லியிருக்கலாம்.

பத்தாவது முடிந்து பதினொன்று போகும்போது இன்னும் கவனம் வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55. ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் தடவையிலேயே தேறிப் போக வேண்டும். மார்க் எங்களுக்குப் பிரச்சினையாகவில்லை, பள்ளி மாறியதுதான் ஆனது. எங்கள் ஊரில் பத்தாவது வரைதான் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் பாதிக்கு இதே கதைதான், பிளஸ் ஒன்னுக்கு வேறு ஊர் பஸ் ஏற வேண்டும். விண்ணப்பம் பழைய பள்ளியின் பெயரிலேயே நின்றது, அவர்கள் "புள்ளை இங்க இல்லையே" என்றார்கள், புதுப் பள்ளியில் "எங்க லிஸ்ட்ல வரலையே" என்றார்கள். அதே வருஷம்தான், 2024-25, ஒரு முறைப் பதிவு என்று புதிதாகக் கொண்டுவந்து முகத்தைக் காட்டி அடையாளம் காட்டச் சொன்னார்கள். மகளின் ஆதார் போட்டோ அவள் ஆறு வயசில் எடுத்தது. ட்யூப் லைட்டுக்கு நேராக, ஜன்னலுக்கு நேராக, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி என்று எத்தனையோ தடவை முயன்றும் ஏற்கவில்லை. பதினைந்து வயசில் ஆதாரில் கைரேகையும் போட்டோவும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டது எங்கள் தவறு. புதுப்பித்த பிறகு முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. பள்ளி விஷயத்தை மகளே இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போய், போய், கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால் சரிசெய்தாள். புதுப் பள்ளியின் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு இது முதல் தடவை, பாவம், மகள் கொண்டுபோன பழைய ரசீதை வைத்துத்தான் அவரே கற்றுக்கொண்டார்.

பணம் என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டும் அல்லவா. மாதம் 1,000 என்று பேச்சு, எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகத்தான் வந்தது. முதல் தடவை வந்தது தடைக்காலத்தில். வீட்டில் வரவே இல்லாத மாதம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், அவளுக்குக் கண்ணாடி வாங்கினோம். ஒன்றரை வருஷமாகக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மிச்சத்தில் நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், மழைக் காலத்துக்கு ஒரு நல்ல பை. பிளஸ் ஒன்னில் வந்த பணம் சயின்ஸ் குரூப்புக்கான கைடு, ரெக்கார்டு நோட்டுக்கே சரியாகப் போனது. நாலு வருஷத்தில் 48,000 ரூபாய். பெரிய பணக்காரருக்கு இது ஒன்றும் இல்லை. எங்களுக்கு, பிள்ளை எதையாவது கேட்கும்போது "போட் வரட்டும்" என்று சொல்லாமல் இருக்க முடிந்தது.

தொகையைப் பற்றி ஒரு குறை உண்டு. 2017 ஏப்ரல் வரை வருஷத்துக்கு 6,000 ஆக இருந்ததை 12,000 ஆக்கினார்கள், அப்புறம் அப்படியே நிற்கிறது. அரிசி விலை நிற்கவில்லை, நோட்டு விலை நிற்கவில்லை. எட்டாவது முடித்த பையன் படகில் ஏறினால் கையில் காசு வருகிறது, அந்தக் காசுக்கு எதிரில் வருஷத்துக்கு ஒரு தடவை, எப்போது வரும் என்று தெரியாத 12,000 நிற்க வேண்டியிருக்கிறது. தொகையைக் கூட்ட முடியாவிட்டாலும், பள்ளி திறக்கும் ஜூனில் வந்து சேரும்படி செய்தால் அதுவே பாதி வெற்றி.

இந்த ஒன்றில் விட்டவர்களுக்கு வேறு தேர்வுகளும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, டிரஸ்ட் என்பார்கள். கிராமப்புறப் பள்ளிகளுக்கானது, மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண் பிள்ளைகள், வருஷத்துக்கு 1,000 ரூபாய். வருமான வரம்பு 1 லட்சம், எங்கள் சான்றில் அதற்குக் கொஞ்சம் மேலே இருந்ததால் இளையவன் எழுத முடியவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, 2023-ல் தொடங்கியது. மாநிலம் முழுக்க 500 பையன்கள், 500 பெண் பிள்ளைகள், வருஷத்துக்கு 10,000 ரூபாய், அதுவும் பட்டப்படிப்பு முடிகிற வரை. கணக்கு ஒரு தாள், அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்து ஒரு தாள், 60, 60 கேள்வி. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய பரிசு இதுதான், ஆனால் போட்டியும் அப்படி. பதினொன்றில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தால் எழுதலாம், தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். என்.டி.எஸ்.இ. என்று பத்தாம் வகுப்புக்கு தேசிய அளவில் ஒன்று இருந்தது, 2021-க்குப் பிறகு நடக்கவில்லை. அதற்குப் பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இளையவன் இந்த வருஷம் பத்தாவது. இரண்டு மாதம் முன்னால் "நானும் அப்பாவோட போட்டுக்குப் போறேம்மா" என்று ஆரம்பித்தான். அவன் அப்பா ஒன்றும் சொல்லாமல் அவனைக் கூப்பிட்டுத் தன் உள்ளங்கையைக் காட்டினார், கயிறு அறுத்த தழும்பு. முதலமைச்சர் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்திருக்கிறான் இப்போது. ஓ.எம்.ஆர். ஜெராக்ஸ் ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன், பத்துக் கேள்விக்கு ஒரு தடவை அவனே நிறுத்தி எண்ணைப் பார்க்கிறான்.

எங்கள் தெருவில் இந்த வருஷம் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் ஏழு பேர். குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு பேரையும் எழுதி, ஆதார் பெயர், பள்ளிப் பெயர், போன் நம்பர் யாருடையது, எந்த வங்கியில் இணைந்திருக்கிறது, வருமானச் சான்று இருக்கிறதா என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று பேருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று பேருக்கு போன் நம்பர் அப்பாவுடையது, மாற்ற வேண்டும். ஒரு பிள்ளைக்கு இனிஷியலே இரண்டு இடத்தில் இரண்டு எழுத்தாக இருக்கிறது. அந்த நாலு பேரின் அம்மாக்களையும் வரச் சொல்லியிருக்கிறேன், போட் போகாத நாளாகப் பார்த்து, வருகிற வெள்ளிக்கிழமை.